சதுர அடி கணக்கில் ஒரு பேய்

டெட்ராய்ட் நகரத்தில் ஒரு வீடு. அதன் பேஸ்மென்ட்டில் ஒரு ரகசியக் கதவு. திறந்தால் இருட்டான நடை. நடையோரம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே அழுக்குக் கட்டில், ஒரு பக்கெட், ஸ்டாண்டில் நிற்கும் வீடியோ கேமரா, சுவரில் ரத்தக் கறையாக ஒரு கை. நீங்களோ நானோ இதைப் பார்த்தால் படியேறி, வாசல் தாண்டி, தெருமுனைக்குப் போன பிறகுதான் மூச்சே விடுவோம். அந்த வீட்டின் சொந்தக்காரன் என்ன செய்கிறான் தெரியுமா? தரைக்குக் கீழே இருக்கும் இடத்தையும் சதுர அடியில் சேர்த்து விற்கலாமா என்று இன்டர்நெட்டில் தேடுகிறான். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, குஷியாக அளக்க ஆரம்பிக்கிறான்.

2022 செப்டம்பரில் வந்த 'பார்பேரியன்' என்ற ஹாலிவுட் பேய்ப் படத்தில் இது ஒரு காட்சி. இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. நம்மூர் புரொமோட்டர் லிஃப்ட், மாடிப்படி, வாட்ச்மேன் ரூம் எல்லாவற்றையும் 'சூப்பர் பில்ட்-அப்'பில் சேர்த்து நம் தலையில் கட்டுகிறானே, அந்த ஞாபகம் வந்து நானும் சிரித்தேன்.

என்னைக் கேட்டால், படத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டிய காட்சி இது ஒன்றுதான். இதை எடுத்த இயக்குநருக்கே அது தெரியவில்லை என்பதுதான் என் புகார்.

கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சஸ்பென்ஸை உடைத்துவிட்டேன் என்று கடிதம் எழுதாதீர்கள். படம் வந்து வருஷக்கணக்காகிறது.

டெஸ் என்ற பெண் வேலைக்கான இன்டர்வியூவுக்காக டெட்ராய்ட் வருகிறாள். கொட்டும் மழை, ராத்திரி. பிரைட்மூர் என்ற பகுதியில், பார்பரி தெருவில், ஏர்பிஎன்பி மூலம் ஒரு வீட்டை எடுத்திருக்கிறாள். சாவிப்பெட்டியைத் திறந்தால் சாவி இல்லை. கதவைத் தட்டினால் கீத் என்ற ஒருவன் தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்கிறான். அவன் அதே வீட்டை அதே தேதிக்கு இன்னொரு வெப்சைட் மூலம் எடுத்திருக்கிறான். இரண்டு பேரிடமும் பணம் வாங்கியாகிவிட்டது. நிர்வாகிக்குப் போன் போட்டால் எடுக்க நாதி இல்லை. ஊரில் ஏதோ மாநாடு, ஹோட்டல்களில் இடம் கிடையாது. உள்ளே வா என்கிறான் கீத். போவதா, வேண்டாமா?

இங்கிருந்து முதல் முக்கால் மணி நேரத்தை, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக எடுத்திருக்கிறார் ஸாக் க்ரெகர். கீத் டீ போட்டுத் தருகிறான். அவள் குடிப்பதில்லை. ஒயின் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் அவள் கண்ணெதிரே திறக்க வேண்டும் என்று காத்திருக்கிறான். அவன் நல்லவனாக நடந்துகொள்ள நடந்துகொள்ள நமக்குச் சந்தேகம் ஏறுகிறது. ஒரு பெண் முன்பின் தெரியாத ஆணுடன் ஒரு கூரைக்குக் கீழே இருக்க நேர்ந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் மனசுக்குள் போடும் கணக்கு இருக்கிறதே, அதை இவ்வளவு துல்லியமாக நான் சினிமாவில் பார்த்ததில்லை. பெண்கள் தங்கள் உள்ளுணர்வை ஏன் மதிக்க வேண்டும் என்று கேவின் டி பெக்கர் 1997இல் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் ஃபியர்' என்ற புத்தகத்தைப் படித்ததுதான் இந்தக் கதைக்கு விதை என்று க்ரெகரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டெஸ்ஸாக நடித்த ஜார்ஜினா கேம்ப்பெல்லும் கீத்தாக வந்த பில் ஸ்கார்ஸ்கார்டும் அபாரம்.

அப்புறம்தான் வழக்கமான கூத்து ஆரம்பிக்கிறது. பேஸ்மென்ட், சுரங்கம், இருட்டிலிருந்து பாயும் நிர்வாணமான ஒரு ராட்சதப் பெண் உருவம். கீத் காலி.

திடீரென்று கலிபோர்னியா. கடற்கரைச் சாலையில் ஓபன் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறான் ஏஜே என்ற டி.வி. நடிகன். ஜஸ்டின் லாங் நடித்திருக்கிறார். போனில் செய்தி வருகிறது: கூட நடித்த நடிகை அவன் மீது பாலியல் பலாத்காரப் புகார் கொடுத்திருக்கிறாள். சீரியல் போச்சு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். டெட்ராய்ட்டில் நமக்கு ஒரு வீடு இருக்கிறதே, அதை விற்கலாம் என்று கிளம்பி வருகிறான். பார்பரி தெரு வீடு அவனுடையது. வீட்டில் யாரோ இருவரின் பெட்டிகள் கிடக்கின்றன. யார் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டைப் பராமரிக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்துகிறான். பேஸ்மென்ட்டில் இன்னொரு கதவு இருப்பதும் தெரியாது. தன் வீட்டுக்குள் தானே ஒரு டூரிஸ்டாக நிற்கும் வீட்டுக்காரன்! அப்படிப்பட்ட ஆள்தான் டேப்பைத் தேடுகிறான்.

வீட்டு ஓனர் என்றால் நமக்கெல்லாம் ஒரு சித்திரம் உண்டு. மாடியிலோ கீழேயோ கூடவே இருப்பார். மோட்டாரை எப்போது போட்டாய், ராத்திரி பதினொரு மணிக்கு வந்த ஃப்ரெண்டு யார், மீன் வாசனை வருகிறதே என்று உயிரை எடுப்பார். என்ன ஜாதி என்று சுற்றி வளைத்துக் கேட்பார். வாடகைக்குக் குடியிருந்து அவமானப்படாத நடுத்தர வர்க்கத்து ஆள் இந்த ஊரில் கிடையாது. அந்த ஆளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பேஸ்மென்ட்டில் ஒரு கதவு இருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பழைய பேய்ப் படங்களில் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும். அது அந்த வீட்டில் வாழ்ந்தது, ஏமாற்றப்பட்டது, கொல்லப்பட்டது. பட்டா புதுசாக வந்தவன் பெயரில் இருந்தாலும் பாத்தியதை பேய்க்குத்தான். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) கூட அடிப்படையில் ஒரு நில அபகரிப்புக் கேஸ்தான். வாடகை வீட்டுப் பேய்ப் படம் என்ற இந்தப் புது ரகத்தில் அந்த நியாயம் கழன்றுவிட்டது. வந்தவருக்கும் வீட்டுக்கும் மூன்று ராத்திரி சம்பந்தம். சொந்தக்காரனுக்கும் வீட்டுக்கும் மாசாமாசம் பாங்கில் விழும் பணத்தின் சம்பந்தம். அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, 'பார்பேரியன்' நைசாக நழுவிவிடுகிறது. நடுவில் ஒரு ஃப்ளாஷ்பேக் வருகிறது. ரீகன் ஜனாதிபதியாக இருந்த 1980கள். அதே தெரு பளிச்சென்று இருக்கிறது. புல் வெட்டிய முற்றங்கள், வரிசையாகக் கார்கள். ஃப்ராங்க் என்ற ஒருவன் அதே வீட்டில் இருக்கிறான். பெண்களைக் கடத்திவந்து பேஸ்மென்ட்டில் அடைப்பவன். பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஏரியா நாசமாகிக்கொண்டிருக்கிறது, நாங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறோம் என்கிறார். நான் எங்கேயும் போவதாக இல்லை என்கிறான் ஃப்ராங்க். நிஜமாகவே போகவில்லை. கதை 2022க்குத் திரும்பும்போது, கிழவனாகிப் படுத்த படுக்கையாகச் சுரங்கத்துக்குள் இருக்கிறான்.

அப்படியானால் ஒரு சின்ன சந்தேகம். உயிரோடு உள்ளே படுத்திருக்கும் ஃப்ராங்கின் வீடு, கலிபோர்னியாவில் இருக்கும் ஏஜே பெயருக்கு எப்படி மாறியது? யார் விற்றது, யார் கையெழுத்துப் போட்டது? படம் மூச்சு விடுவதில்லை. 'லாஜிக் ஓட்டை' என்று ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். எனக்கென்னவோ படத்தின் நிஜக் கதையே அந்த ஓட்டைக்குள்தான் விழுந்து கிடக்கிறது என்று தோன்றுகிறது. ஏனென்றால் டெட்ராய்ட்டில் வீடுகள் எப்படிக் கை மாறின என்பதற்கு ரெக்கார்டு இருக்கிறது.

1950இல் அந்த ஊரின் ஜனத்தொகை 18 லட்சத்து 50 ஆயிரம். 2020இல் 6 லட்சத்து 39 ஆயிரம். கார் தொழிற்சாலைகள் மூடின, இடம் பெயர்ந்தன. வெள்ளைக்காரர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஒரே வரி வசனத்துக்குள் படம் இதை முடித்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை. போகாமல் இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், கையில் காசு இல்லாதவர்கள். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டு விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஆனால் நகராட்சி சொத்து வரியைப் பழைய மதிப்பிலேயே போட்டுக்கொண்டிருந்தது. மிச்சிகன் மாநில அரசியல் சட்டப்படி, சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்புக் கட்டி வரி போடக் கூடாது. டெட்ராய்ட்டில் அந்த வரம்பை ஏராளமான வீடுகளில் மீறினார்கள். 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக வரி விதிக்கப்பட்டது என்று 'டெட்ராய்ட் நியூஸ்' பத்திரிகை 2020இல் கணக்குப் போட்டு வெளியிட்டது.

கட்ட முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? மூன்று வருஷம் வரி பாக்கி என்றால் வீடு கவுன்டி நிர்வாகத்தின் கைக்குப் போய்விடும். பிறகு ஏலம். 2011க்கும் 2015க்கும் நடுவில் மட்டும் டெட்ராய்ட்டில் நாலில் ஒரு சொத்து இப்படிப் பறிமுதல் ஆனது என்கிறார் இதை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹெனே. ஏலம் ஆன்லைனில் நடந்தது. இரண்டாவது சுற்றுக்கு வந்த வீடுகளின் ஆரம்ப விலை 500 டாலர். எழுத்துப் பிழை இல்லை, ஐநூறுதான். லாஸ் ஏஞ்சலீஸில் சோபாவில் சாய்ந்துகொண்டு, டெட்ராய்ட்டை மேப்பில்கூடப் பார்க்காமல் ஒருவர் பத்து வீடு வாங்கலாம். உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பல வீடுகளில் குடியிருந்தார்கள். தங்கள் வீடு விற்கப்பட்டதே, வாங்கியவர் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பியபோதுதான் சிலருக்குத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய பேய்ப் படம் வேண்டுமா?

ஏஜேயும் இப்படித்தான் வாங்கினான் என்று படம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த டேப் காட்சி வெறும் ஜோக்காக முடிந்திருக்காது. தன் முதலீட்டுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாமல், தெரிந்த பிறகும் அளவு மட்டும் எடுக்கிற ஒரு வர்க்கத்தின் படமாகியிருக்கும். க்ரெகர் அந்தக் கதவு வரை நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார். கதவைத் திறந்ததும் இருட்டிலிருந்து ஒரு ராட்சசியைப் பாய விட்டு எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடுகிறார்.

அந்த ராட்சசி விஷயத்தில்தான் எனக்குக் கோபமே. அவள் யார்? ஃப்ராங்க் கடத்தி வந்த பெண்களுக்கு அவன் குழந்தைகளைப் பிறக்க வைத்து, அந்தக் குழந்தைகளையும் அதே கதிக்கு ஆளாக்கி, அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சியவள். வெளிச்சத்தையே பார்த்திராதவள். தாய்மை என்பதை ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். அகப்பட்டவர்களுக்குப் புட்டியில் பால் கொடுக்கத் துடிப்பவள். படத்தில் இவளைவிடப் பாதிக்கப்பட்டவர் யாருமே கிடையாது. அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. டைட்டிலில் 'தி மதர்' என்று போடுகிறார்கள். நடித்தவர் மாத்யூ பாட்ரிக் டேவிஸ் என்ற உயரமான ஆண். ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய உச்சபட்சக் கொடுமையின் விளைவை, ஓர் ஆணுக்கு மேக்கப் போட்டு, நிர்வாணமாக ஓட விட்டு, தொங்கும் மார்பைக் காட்டி நம்மை அலறவும் சிரிக்கவும் வைக்கிறார்கள். இத்தனைக்கும் மூல காரணமான ஃப்ராங்க்? கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி. தன்னைத்தானே சுட்டுக்கொண்டு நிமிஷத்தில் விடுதலை. கேமரா அவனிடம் ரொம்ப கண்ணியமாக நடந்துகொள்கிறது.

இந்தப் படத்தைப் பெண்ணியப் படம் என்று கொண்டாடிய விமர்சனங்கள் நிறைய. முதல் பாதிக்குச் சரி, நானும் கை தட்டுகிறேன். க்ளைமாக்ஸில் ஏஜே தான் தப்பிப்பதற்காக டெஸ்ஸைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து தள்ளி விடுகிறான். ராட்சசி கூடவே குதித்து அவளைக் காப்பாற்றுகிறாள். பிறகு ஏஜேயின் மண்டையைப் பிளக்கிறாள். விசில். அடுத்து டெஸ் அவளைச் சுட்டுக் கொல்கிறாள். அழகான பழைய காதல் பாட்டோடு படம் முடிகிறது. கொடுமைக்கு ஆளான ஒருத்தி, கொடுமையின் உச்சத்தில் பிறந்த இன்னொருத்தியைக் கொன்றால் பெண்ணியம் ஜெயித்துவிட்டதா? காட்டுமிராண்டி என்று தலைப்பு வைத்துவிட்டு, யார் காட்டுமிராண்டி என்ற புதிருக்கு விடை தருவதாக இயக்குநர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைசி தோட்டா யார் மேல் பாய்கிறது என்று பாருங்கள்.

'படம்தானே சார், ரெண்டு மணி நேரம் பயந்தோமா, பாப்கார்ன் தின்றோமா என்று போக வேண்டியதுதானே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு வீடு என்று எடுத்திருந்தால் நானும் பாப்கார்னோடு நிறுத்தியிருப்பேன். டெட்ராய்ட், பிரைட்மூர், ரீகன் என்று பெயர் சொல்லி, நடிகர்கள் மீது வரும் பாலியல் புகார்களையும் சேர்த்து, இது விஷயமுள்ள படம் என்ற பெயரை வாங்கிக்கொண்டது அந்தப் படம்தான். சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்து அதைப்போல் பத்து மடங்கு வசூலும் செய்தது. பெயரை எடுத்தால் பொறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

அந்தப் பெயரை எப்படி எடுத்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. பார்பரி தெரு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் டெட்ராய்ட்டே இல்லை. பல்கேரியாவில் போட்ட செட். நிஜ பிரைட்மூர் 1920களில் கார் தொழிலாளர்களுக்காக அவசர அவசரமாகக் கட்டப்பட்ட சின்னச் சின்ன மரவீடுகளின் பேட்டை. நிறைய வீடுகள் பாழாயின, எரிந்தன, இடிக்கப்பட்டன. உண்மைதான். ஆனால் அங்கே மனுஷர்கள் இருக்கிறார்கள். காலி மனைகளைச் சுத்தம் செய்து காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். நகரம் திவாலான 2013இல் போலீஸைக் கூப்பிட்டால் வந்துசேரச் சராசரியாக 58 நிமிஷம் ஆனது. தெருவிளக்குகளில் 40 சதவீதம் எரியவில்லை. 2016 முடிவதற்குள் 65 ஆயிரம் புது விளக்குகளைப் போட்டு முடித்தார்கள். 1957க்குப் பிறகு முதல் தடவையாக ஜனத்தொகை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று 2024 மே மாதம் கணக்கு வந்தது. படத்திலோ டெஸ் காலையில் கதவைத் திறந்தால் ஒரு ஈ காக்கை இல்லை. அவளை எச்சரிக்க ஓடிவரும் ஒரே கறுப்பரான வீடற்ற மனிதரைப் பார்த்து அவள் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிகிறது. தெரிந்தவுடனே அவரையும் கொன்றுவிடுகிறார்கள். அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இதே ரகத்தில் 2020இல் வந்த 'தி ரென்டல்' இன்னும் மோசம். டேவ் ஃப்ராங்கோ இயக்கியது. ஓரிகன் கடற்கரையோரம் ஒரு அழகான வீடு, இரண்டு ஜோடிகள். மீனா என்ற முஸ்லிம் பெயர் கொண்ட பெண் புக் செய்தபோது மறுத்த வீட்டுப் பொறுப்பாளன், ஒரு மணி நேரம் கழித்து அவளுடைய வெள்ளைக்கார பார்ட்னர் கேட்டதும் கொடுத்துவிடுகிறான். அவள் அதை முகத்துக்கு நேரே கேட்கிறாள். ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இது கற்பனை இல்லை. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கறுப்பினத்தவர் என்று தெரியும்படியான பெயரில் ஏர்பிஎன்பியில் இடம் கேட்டால், வெள்ளைக்காரப் பெயரில் கேட்பதைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவாகத்தான் சம்மதம் கிடைத்தது. விருந்தாளியின் போட்டோவை, புக்கிங்குக்குச் சம்மதித்த பிறகுதான் வீட்டுக்காரருக்குக் காட்டுவது என்று அந்த நிறுவனம் மாற்றியது 2018இல்.

படம் இதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறது? எங்கேயும் இல்லை. ஷவருக்குள் ஒளித்து வைத்த கேமரா அகப்படுகிறது. பொறுப்பாளன் மேல் பழி. கடைசியில் பார்த்தால் அவன் அப்பாவி! முகமூடி போட்ட எவனோ ஒருவன், வாடகைக்கு வந்தபோது கள்ளச்சாவி போட்டுக் கேமராவையும் வைத்துவிட்டுப் போன ஒருவன், ஊர் ஊராகக் கொலை செய்துகொண்டு திரிகிறானாம். ஏன் என்று கேட்காதீர்கள். எந்தக் காரணமும் இல்லாத முகமூடி என்பது தயாரிப்பாளர்களுக்கு ரொம்ப வசதி. அதன் மேல் யாரும் கேஸ் போட முடியாது.

வாடகை வீட்டில் கேமராவை வைக்க முகமூடியெல்லாம் தேவைப்படவில்லை. ஹால், நடை போன்ற பொது இடங்களில், விளம்பரத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஏர்பிஎன்பியின் விதியே இருந்தது. வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று அவர்கள் தடை போட்டது 2024 ஏப்ரல் 30 முதல். நிறுவனம் தொடங்கியது 2008இல். பதினாறு வருஷம்.

கள்ளச்சாவியும் அப்படித்தான். ஒரு புத்தாண்டையொட்டி நியூயார்க்கில் இப்படி எடுத்த ஒரு வீட்டில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்ணைக் கத்திமுனையில் ஒருவன் பலாத்காரம் செய்தான். பிடிபட்டபோது அந்த வீட்டின் சாவி அவனிடம் இருந்தது. நிறுவனம் 70 லட்சம் டாலர் கொடுத்து அவருடன் சமரசம் செய்துகொண்டது. இந்தத் தொகை வெளியே தெரிந்ததே, 2021இல் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதிய பிறகுதான். சாவி எத்தனை காப்பி இருக்கிறது, யார் யார் கையில் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் யார்? இதுதான் அந்தப் பெண்ணின் கதை. இதில் சுரங்கமும் இல்லை, முகமூடியும் இல்லை. இதை யாராவது எடுப்பார்களா?

இதற்காக வெளியூரில் வீடு எடுத்துத் தங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஹோட்டலில் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு ரூம் போட்டுத் திவாலாவதைவிட, ஒரு சமையலறையோடு வீடு கிடைத்தால் சந்தோஷம்தான். நல்ல வீட்டுக்காரர்கள் நிறைய உண்டு. அவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே இருப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். காலையில் காப்பி வேண்டுமா என்று கேட்பார்கள். எந்தச் சாலையில் ராத்திரி போகக் கூடாது என்று சொல்வார்கள். தொடங்கும்போது இந்தத் தொழில் அப்படித்தான் இருந்தது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் வாடகை கொடுக்கக் கஷ்டப்பட்ட இளைஞர்கள் தங்கள் ஹாலில் காற்றடித்த மெத்தையைப் போட்டு ஆள் சேர்த்ததுதான் ஏர்பிஎன்பியின் பிள்ளையார் சுழி. பெயரில் இருக்கும் 'ஏர்' அந்த மெத்தைதான். அங்கிருந்து, வீட்டையே பார்த்திராத ஏஜேக்கள் வரை வந்திருக்கிறோம்.

நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு சட்டத்தைக் கறாராக அமல் செய்கிறது. முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவதானால் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அதிகபட்சம் இரண்டு விருந்தாளிகள். முக்கியமாக, அவர்கள் தங்கும்போது வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே. டூரிஸ்டுகளுக்கு விடும் 10,101 ஃப்ளாட்டுகளின் லைசென்ஸையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடப் போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. உள்ளூர் ஜனங்களுக்குக் குடியிருக்க வீடு இல்லை என்பது காரணம். நியூயார்க் சட்டத்தால் ஹோட்டல்காரர்களுக்குத்தான் லாபம் என்றொரு விமர்சனம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதி டெட்ராய்ட்டில் இருந்திருந்தால் 'பார்பேரியன்' படத்தின் முதல் காட்சியே நடந்திருக்காது. மழையில் நனைந்து வந்த பெண்ணுக்குக் கதவைத் திறக்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

படத்தின் முடிவில் பார்பரி தெரு வீட்டின் கதி என்ன? ஏஜே செத்தாயிற்று. ஃப்ராங்க், ராட்சசி, கீத், எல்லோரும் அவுட். டெஸ் ரத்தம் ஒழுக நடந்து போகிறாள், திரும்பி வரமாட்டாள். வீடு மட்டும் நிற்கிறது, சுரங்கத்தோடு. சொத்து வரி கட்ட ஆளில்லை. மூன்று வருஷ பாக்கி சேர்ந்ததும் கவுன்டி எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு விடும். ஆன்லைனில்தான். பேஸ்மென்ட் எத்தனை சதுர அடி என்று ஏஜே ஏற்கெனவே பாதி அளந்து வைத்திருக்கிறான்.